போத்தலை வாங்கும் முன் மட்டையைப் பாருங்கள்

ஜொகூரில் அன்னாசியும் செம்பனையும் போட்டு வாழும் நம் சிறு தோட்டக்காரர்களுக்கு,

பொந்தியானிலும் சிம்பாங் ரெங்கத்திலும் குளுவாங்கிலும் யோங் பெங்கிலும் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று வைத்துப் பார்க்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே! வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு ஓடுகிற தம்பி தங்கைகளே! இந்த மடல் உங்களுக்கு.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவி வந்தபோது, நான்கு பேர் ஒரு துண்டறிக்கையைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொட்டாசியமும் வைட்டமின் சியும் கலந்த திரவம். கோதுமையில் சோதித்து நிரூபித்தது. இலையில் தெளித்தால் போதும், மூட்டை உரத்தை மறந்துவிடலாம் என்று அதில் அச்சடித்திருந்தது. ஒரு தம்பி ஏற்கெனவே ஆறு போத்தல் வாங்கிவிட்டார். என்னைப் பார்த்ததும், "மாமா, கோதுமைக்கு ஆகுதுன்னா நம்ம மரத்துக்கு ஏன் ஆகாது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நின்ற இடத்தில் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வியும் கூட. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோதுமையைப் பற்றி அந்தத் தாளில் இருந்தது பொய் இல்லை. பாகிஸ்தானிலும் எகிப்திலும் இந்தியாவிலும் இப்படிப்பட்ட சோதனைகள் நிறைய நடந்திருக்கின்றன. ஏன் நடந்தன என்று தெரிந்தால்தான் நமக்கு எது பொருந்தும் என்று தெரியும்.

2022 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் 122 ஆண்டுப் பதிவேட்டிலேயே அவ்வளவு சூடான மார்ச் இருந்ததில்லை. பஞ்சாபிலும் அரியானாவிலும் கோதுமைக் கதிர் பால் பிடித்து மணி முற்றுகிற நேரம் அது. மணி நிரம்ப இன்னும் சில வாரம் வேண்டும். வெயில் அந்த வாரங்களைத் தரவில்லை. மணிகள் சுருங்கிப்போயின. மே 13ஆம் தேதி இந்திய அரசு கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மலேசியாவில் நாம் கோதுமை விளைவிப்பதில்லை. ரொட்டி சானாய்க்கும் சப்பாத்திக்கும் வேண்டிய அத்தனையும் கப்பலில் வருகிறது. ஆகவே அங்கே அடிக்கிற வெயில் இங்கே மாவு மூட்டையின் விலையில் வந்து நிற்கும்.

அந்த மாதிரி வெயிலிலும் வறட்சியிலும் உப்பு மண்ணிலும் கோதுமையைக் கரையேற்ற என்ன செய்யலாம் என்று தேடியபோதுதான் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் எடுத்தார்கள். பொட்டாசியம் இலைத்துளைகளின் காவற்காரன். துளையின் இரு புறமும் உள்ள செல்களுக்குள் அது புகுந்தால் பின்னாலேயே நீரும் புகும். செல் பருத்துத் துளை திறக்கும். அது வெளியேறினால் துளை மூடும். நீரைச் சிக்கனமாகச் செலவழிக்கத் தெரிந்த செடி வெயிலைத் தாங்கும். இலை சமைத்த சர்க்கரையை மணிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும், அதை மாவாகக் கட்டுவதற்கும் அதே பொட்டாசியம் வேண்டும். தாள் சாய்ந்து விழாமல் நிற்பதற்கும் அது வேண்டும்.

வைட்டமின் சியின் வேலை வேறு. வெயில் மிகுந்து இலை திணறும்போது அதற்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருள்கள் பெருகும். பச்சையத்தையும் செல்லின் சவ்வையும் அவை உள்ளிருந்தே பொசுக்கும். அந்த நெருப்பை அணைக்கிற தண்ணீர் வைட்டமின் சி. லிட்டருக்கு 100 அல்லது 200 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் கரைத்து, விதையை ஊறவைத்தோ இலையில் தெளித்தோ பார்த்தார்கள். கஷ்டத்தில் இருந்த பயிர் பல சோதனைகளில் தேறியது. ரகத்துக்கு ரகம் பலன் மாறியது. நல்ல மண்ணில், போதிய தண்ணீரோடு சுகமாக இருந்த பயிரில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது. எரியாத வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி எதற்கு?

துண்டறிக்கை சொல்லாமல் விட்டது இதுதான்: இப்படிப்பட்ட சோதனைகளில் நிலத்துக்குப் போட வேண்டிய அடியுரத்தை வழக்கம்போல் போட்டுவிடுவார்கள். தெளிப்பு அதற்கு மேல். உரத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் தெளிப்பை வைத்துப் பார்த்த சோதனை அல்ல அது. சாப்பாடு போட்ட பிறகு கொடுத்த கஷாயத்தின் பலனைக் காட்டி, சாப்பாடே வேண்டாம் என்று நம்மிடம் சொல்கிறார்கள்.

இதை நான் வெளியே நின்று பேசவில்லை. 2022இல் நானே இதைச் செய்தவன்.

அந்த வருடம் உக்ரேன் போர் வந்தது. அதற்கு முன்பே பெலாருஸ் மேல் தடை வந்திருந்தது. உலகத்துப் பொட்டாஷில் பெரும்பகுதியைத் தோண்டி எடுப்பது கனடா, ரஷ்யா, பெலாருஸ் ஆகிய மூன்று நாடுகள். நாம் போடுகிற எம்.ஓ.பி. என்ற பொட்டாஷ் உரம் முழுக்க இறக்குமதி. விலை ஏறிய வேகம் உங்களுக்கே தெரியும். கடைக்காரரிடம் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்போது ஒருவர் வீட்டுக்கே வந்து போத்தலைக் காட்டினார். நான்கு ஏக்கர் செம்பனைக்கு இரண்டு சுற்று எம்.ஓ.பி.யை நிறுத்திவிட்டு, அவர் சொன்னபடி தெளித்தேன்.

முதல் ஏழெட்டு மாதம் குலையில் எந்தக் குறையும் இல்லை. அதே எடை, அதே நிறம். போத்தல் வேலை செய்கிறது என்று நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, இன்னும் இரண்டு பேரிடம் வாங்கச் சொன்னேன். அந்த இரண்டு பேருக்கும் நான் பட்ட கடன்தான் இந்த மடலின் பாதி.

செம்பனை அப்படித்தான் ஏமாற்றும். இன்று நாம் வெட்டுகிற குலை இன்று உருவானது அல்ல. மட்டைக் கணுவில் பூ முளையாகத் தோன்றி, ஆணா பெண்ணா என்று முடிவாகி, விரிந்து, காய்த்துப் பழுக்க ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். தண்டிலும் மட்டையிலும் பழைய பொட்டாசியம் இருப்பில் இருக்கும். உரத்தை நிறுத்தினால் மரம் அந்தச் சேமிப்பை எடுத்துத் தின்னும். அதனால் முதல் வருடம் எந்தப் போத்தலும் வேலை செய்வதுபோலத்தான் தெரியும். பச்சைத் தண்ணீரைத் தெளித்திருந்தாலும் அதே குலைதான் வந்திருக்கும்.

பிறகு ஒரு காலையில் கீழ் மட்டைகளைக் கவனித்தேன். தூரத்தில் நின்றால் மங்கலான மஞ்சள். ஒரு ஓலையைக் கிழித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறப் புள்ளிகள், சில தனியாக, சில ஒன்றோடொன்று ஒட்டி. ஒவ்வொரு புள்ளி வழியாகவும் வெளிச்சம் ஊடுருவியது, எண்ணெய் பட்ட காகிதம் போல. ஓலையின் ஓரம் காய்ந்து நொறுங்கியது. புது மட்டைகள் மட்டும் பச்சையாக இருந்தன. பொட்டாசியம் செடிக்குள் ஓடக்கூடிய சத்து. பற்றாக்குறை வந்தால் மரம் கிழட்டு மட்டையிலிருந்து உருவி இளம் மட்டைக்குக் கொடுக்கும். அந்தப் புள்ளிகள் மரம் பட்டினி கிடப்பதன் அடையாளம். அடுத்த இரண்டு வருடம் குலைகள் இளைத்தன. மறுபடி உரம் போட்ட பிறகும் மரம் உடனே மன்னிக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுற்றிலும் பச்சையான மரங்கள் நிற்க, நடுவில் ஒரே ஒரு மரம் மட்டும் இப்படிப் புள்ளி போட்டிருந்தால் அது பிறவிக் குணமாக இருக்கலாம். அதற்காக உர மூட்டையைத் தூக்கி ஓடாதீர்கள். வரிசை வரிசையாக வந்தால்தான் பட்டினி.

இப்போது கொஞ்சம் கணக்கு. கடினமான கணக்கு இல்லை, நம் வீட்டுப் பிள்ளைகள் போட்டுத் தருவார்கள். ஒரு டன் செம்பனைக் குலை தோட்டத்தை விட்டுப் போகும்போது ஏறத்தாழ 3.7 கிலோ பொட்டாசியத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 1960களிலேயே மலாயாவில் அளந்து வைத்த கணக்கு இது. இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். ஏக்கருக்கு வருடம் 7 டன் வெட்டினால் சுமார் 26 கிலோ. எம்.ஓ.பி. உரத்தில் பாதி எடைதான் பொட்டாசியம். ஆக, 50 கிலோ மூட்டை ஒன்று முழுசாக லாரியில் ஏறி ஆலைக்குப் போய்விடுகிறது, ஒவ்வொரு ஏக்கரிலிருந்தும், ஒவ்வொரு வருடமும். மழை அடித்துக்கொண்டு போவது இதில் சேரவில்லை. மரம் வளர்வதற்கு எடுத்துக்கொள்வதும் சேரவில்லை.

ஒரு லிட்டர் போத்தலுக்குள் எவ்வளவு பொட்டாசியத்தை அடைக்க முடியும்? எவ்வளவு கெட்டியாகக் காய்ச்சினாலும் சில நூறு கிராம். 26 கிலோ பசிக்குச் சில நூறு கிராம். கூடுதலாகக் கரைத்துத் தெளித்தால் இலை கருகும். இந்த ஒரு கணக்கை 2022இல் யாராவது எனக்குப் போட்டுக் காட்டியிருந்தால்!

என் அம்மா இந்தக் கணக்கெல்லாம் போட்டதில்லை. ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில் உரம் போடும் கூட்டத்தில் இருந்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், இடுப்பில் துணியைக் கட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் கிண்ணத்தால் அளந்து வீசுவார். எம்.ஓ.பி. செங்கல் நிறக் குருணை. வியர்வைக் கையில் பட்டால் கசிந்து ஒட்டும். கீறலில் பட்டால் உப்பு வைத்ததுபோல எரியும். மாலையில் வீட்டுக்கு வந்து கையைத் தேங்காயெண்ணெயில் தேய்ப்பார், எண்ணெய் சிவப்பாகும். அன்று கையுறை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இன்று உங்கள் தோட்டத்தில் உரம் போடுகிறவர் யாராக இருந்தாலும், உள்ளூர்க்காரரோ வங்காளதேசத்துத் தம்பியோ, கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை சொல்லுங்கள்.

அதே அம்மா அடுப்புச் சாம்பலைத் துளியும் வீணாக்க மாட்டார். லயத்து வீட்டின் பின்னால் வாழைக்கு அடியில் கொட்டுவார். "சாம்பல் போட்டா தார் கனக்கும்" என்பார். தமிழ்நாட்டு வேளாண்மைத் துறைக்காரர்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வதைப் பின்னாளில் படித்தபோது, மூன்றாவது பெயர் அம்மாவின் கையிலிருந்து வந்ததுபோல இருந்தது. வெள்ளைக்காரர்களும் மரச்சாம்பலைப் பானையில் கரைத்துக் காய்ச்சித்தான் பொட்டாஷ் எடுத்தார்கள். அந்தப் பெயரே பானைச் சாம்பல் என்பதுதான். 1807இல் ஹம்ப்ரி டேவி பொட்டாஷில் மின்சாரத்தைப் பாய்ச்சி அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தபோது பொட்டாசியம் என்று பெயரிட்டார்.

சரி, நம் மண்ணுக்கு வருவோம். ஜொகூரில் நமக்கு வாய்த்தவை பெரும்பாலும் இரண்டு மண். ஒன்று உள்நாட்டு மேட்டுப் பகுதியின் மஞ்சள் சிவப்பு மண். அதில் பரவலாக உள்ள ஒரு வகைக்கு மண்ணியல் புத்தகத்தில் பெயரே ரெங்கம் தொடர். ஆம், நம் ரெங்கம்தான். கருங்கல் பாறை மட்கிய மண். அதன் களிமண்ணுக்குச் சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. மற்றொன்று பொந்தியான், சிம்பாங் ரெங்கம் பக்கத்துக் கரிமண். மலாய்க்காரர்கள் தானா காம்புட் என்பது. மண் என்று பெயரே தவிர, பாதி மக்கிய மரமும் வேரும்தான் அது. கையில் அள்ளிப் பிழிந்தால் கறுத்த தேநீர் போல் தண்ணீர் ஒழுகும். அது பொட்டாசியத்தை இறுக்கிப் பிடிப்பதில்லை. பெரிய மழை ஒன்று வந்தால் போட்டதில் ஒரு பங்கு பாரிட்டில், அதாவது வடிகால் வாய்க்காலில், ஓடிவிடும்.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. 2000ஐ ஒட்டிய வருடங்களில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒசுமானு ஹருணா அகமதுவும் உடன் ஆய்வாளர்களும் சிம்பாங் ரெங்கத்து அன்னாசித் தோட்டத்திலேயே இதை ஆராய்ந்தார்கள். கரிமண்ணில் போட்ட பொட்டாசியத்தில் கணிசமான பகுதி செடிக்குப் போகாமல் மழைநீரோடு கீழே இறங்குவதையும், அறுவடைக்குப் பின் பழைய செடிகளை எரித்துச் சாம்பலாக்குவதால் அந்தக் குறை தீர்ந்துவிடாது என்பதையும் காட்டினார்கள். அன்னாசியின் இலையிலும் தண்டிலும் இருக்கும் பொட்டாசியத்தை எரிக்காமலே மீட்டெடுக்கும் வழியையும் தேடினார்கள். உலகத்தின் ஒரு மூலையில் கோதுமை வயலில் நடந்ததைக் காட்டி நமக்குப் போத்தல் விற்கிறார்கள்; நம் வீட்டு வாசலில் நம் பயிரில் நடந்த ஆய்வை யாரும் துண்டறிக்கையாக அச்சடிப்பதில்லை. அதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. என் மனக்குறை இதுதான், அதை மறைக்க விரும்பவில்லை.

மழையைப் பற்றிப் பேசும்போது 2023 மார்ச்சை மறக்க முடியாது. பத்து பகாட், சிகாமட், குளுவாங், யோங் பெங் என்று எத்தனை இடம் தண்ணீரில் நின்றது! சில கிராமங்களில் வாரக்கணக்கில் வடியவில்லை. அதற்கு முந்தின வாரம் எம்.ஓ.பி. போட்டவரின் காசு அப்படியே கடலுக்குப் போனது. ஆகவே, ஒரே மூச்சில் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். வெட்டிய மட்டையைக் கரையோரம் வீசாமல் வரிசைக்கு நடுவே பரப்புங்கள். பொட்டாசியம் செடிக்குள் எதனோடும் கட்டுண்டு கிடப்பதில்லை, உப்பாகவே கரைந்து நிற்கிறது. மட்டை மக்கும் முன்பே மழையில் நனைந்து அது மண்ணுக்கு இறங்கிவிடும். ஆலையில் வெறுங்குலை கிடைத்தால் விடாதீர்கள். ஒரு டன் வெறுங்குலையில் சுமார் 19 கிலோ எம்.ஓ.பி.க்குச் சமமான பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் குவித்துப் போட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும்.

இனி வைட்டமின் சி. தம்பியின் கேள்வியில் பாதிதான் தீர்ந்திருக்கிறது.

மனிதர்களால் வைட்டமின் சி செய்துகொள்ள முடியாது. அதனால்தான் நெல்லிக்காயையும் கொய்யாவையும் தேடுகிறோம். செடியால் முடியும். தன் இலையில் சமைத்த சர்க்கரையிலிருந்தே அது வைட்டமின் சியைச் செய்துகொள்கிறது. எந்தப் படிகளில் செய்கிறது என்பதை 1998இல் இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் நிக்கலஸ் ஸ்மிர்னாஃபும் உடன் ஆய்வாளர்களும் கண்டுசொன்னார்கள். துருக்கியில் இஸ்மாயில் சக்மாக் என்ற ஆய்வாளர் 2005இல் இன்னொன்றை விளக்கினார்: பொட்டாசியம் குறைந்த இலையில் அரிக்கும் பொருள்கள் கூடுதலாக உண்டாகின்றன. சர்க்கரை இலையை விட்டு நகராமல் தேங்குகிறது, வெளிச்சம் செலவாகாமல் மிஞ்சுகிறது, மிஞ்சிய வெளிச்சம் இலையைச் சுடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பொட்டாசியம் இல்லாத இலையில் தீ வைப்பதும் நாம்தான், பிறகு போத்தல் போத்தலாகத் தண்ணீர் வாங்கி ஊற்றுவதும் நாம்தான்.

அன்னாசிக்காரர்களுக்கு இதில் நேரடி விஷயமே இருக்கிறது. 1957இல் அமைந்த மலேசிய அன்னாசித் தொழில் வாரியம் ஜொகூர் பாருவைத் தலைமையிடமாக வைத்து நடப்பதும், பெக்கான் நானாஸ் என்று ஊரே அன்னாசியின் பெயரைத் தாங்கி நிற்பதும் சும்மா இல்லை. இந்த நாட்டின் அன்னாசிக்கு நம் மாநிலம்தான் தாய்வீடு. வெளிநாட்டுக்குக் குளிர்பெட்டியில் போன பழம் சில சமயம் திரும்பிவருவதை அறிவீர்கள். வெளியே பார்த்தால் பொன் போல் இருக்கும். வெட்டினால் நடுத்தண்டை ஒட்டிய சதை தேயிலைச் சாயம் பட்டதுபோலப் பழுப்பேறியிருக்கும். குளிர் தாங்காமல் சதைக்குள் நடக்கும் மாற்றம் அது. பழத்தில் வைட்டமின் சி கூடுதலாக இருந்தால் இந்தப் பழுப்பு தடைபடும். மொரிஸ் ரகத்தில் இது அதிகம், எம்.டி.2 தாக்குப்பிடிப்பதற்கு அதன் வைட்டமின் சி ஒரு காரணம். பொட்டாஷ் உரத்தைச் சரியாகப் போட்ட செடியின் பழத்தில் வைட்டமின் சி கூடுவதையும், இந்த உட்பழுப்பு குறைவதையும் இலங்கையிலும் பிரேசிலிலும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆக, நாம் போத்தலில் தேடுகிற வைட்டமின் சியைச் செடி மூட்டையிலிருந்து எடுத்துப் பழத்துக்குள்ளேயே வைக்கிறது.

அளவு மீறவும் கூடாது. பொட்டாஷ் மிஞ்சினால் அன்னாசி புளிக்கும். செம்பனையில் மக்னீசியத்தை உள்ளே வரவிடாமல் தள்ளும். அப்போது கீழ் மட்டைகள் வேறு விதமாக, பளிச்சென்று மஞ்சளாகும்.

தெளிப்பே தப்பு என்றும் நான் சொல்லவில்லை. அன்னாசிக்குத் திரவ உரம் நன்றாகப் பிடிக்கும். இலைக்கணுக்கள் கிண்ணம் போல நீரைத் தாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக உறிஞ்சும். உயர்ந்து நிற்கும் செம்பனைக்கு அந்த வசதி இல்லை. ஆனால் கோதுமைக்கு எழுதிய நேரத்தையும் அளவையும் அன்னாசிக்கு அப்படியே எடுக்காதீர்கள். கோதுமை பகலில் இலைத்துளையைத் திறக்கிற செடி. அன்னாசி பகலில் மூடிக்கொண்டு இரவில் திறக்கிற செடி. இரண்டுக்கும் வாழ்க்கை முறையே வேறு.

கரிமண்காரர்கள் குறித்து வைக்க வேண்டியது இன்னொன்று. நம் மண்ணில் தாமிரமும் துத்தநாகமும் குறைவு என்பதால் தாமிர சல்பேட்டைக் கரைத்துத் தெளிப்பது நமக்கு வழக்கம். ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் கலந்து ஒரு நடையில் முடிப்பதும் வழக்கம். வைட்டமின் சியைத் தாமிரத்தோடு கலந்தால் தீர்ந்தது கதை. துளி தாமிரமே அதை விரைவாகச் சிதைத்துவிடும். இரும்பும் அப்படியே, பாரிட்டுத் தண்ணீரின் துருநிறத்தைப் பாருங்கள். வெயிலும் காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதைப் போத்தல் விற்க வந்தவர் ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

உண்மையிலேயே சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: 16 லிட்டர் முதுகுத் தொட்டிக்கு, லிட்டருக்கு 100 மில்லிகிராம் கணக்கில் 1.6 கிராம் போதும். ரொட்டி சுடுகிறவர்கள் மாவைப் பதப்படுத்தச் சேர்ப்பது இதே வைட்டமின் சிதான். பேக்கரிச் சாமான் கடையில் தூளாகக் கிடைக்கும். ஒரு தோட்டத்துக்கு ஒரு வருடத்துக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். நல்ல தண்ணீரில், தெளிக்கும் நேரத்தில் கரைத்து, வெயில் சாய்ந்த பிறகு தெளியுங்கள்.

ஆனால் தோட்டம் முழுக்க வேண்டாம். நான்கு வரிசை போதும். ஒரு வரிசைக்கு வழக்கமான உரம், கூடவே வெறும் தண்ணீர்த் தெளிப்பு. அடுத்ததற்கு அதே உரமும் வைட்டமின் சியும். மூன்றாவதற்கு அதே உரமும் போத்தலும். நான்காவதற்குப் பாதி உரமும் போத்தலும். நடுவில் இரண்டிரண்டு வரிசை விட்டுவிடுங்கள், தெளிப்பு காற்றில் பறந்து பக்கத்துச் செடியில் படும். இதே நான்கையும் தோட்டத்தின் மறுகோடியில் இன்னொரு முறை வையுங்கள். பாரிட்டை ஒட்டிய பக்கம் எப்போதும் ஈரமாகவே இருக்கும், அந்த ஈரத்தின் பலனைப் போத்தலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வெட்டும்போது ஒவ்வொன்றிலும் இருபது பழத்தை எடை போட்டு எழுதுங்கள்.

செம்பனைக்காரர்கள் இந்தச் சோதனைக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் அதற்கு முன் இலைச் சோதனை செய்யுங்கள். பதினேழாவது மட்டையின் ஓலையை எடுத்துத்தான் பார்ப்பார்கள். மலேசிய செம்பனை வாரியத்தில் சிறு தோட்டக்காரர்களுக்கு யோசனை சொல்வதற்கென்றே துனாஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள். மலாய் பேசத் தயங்கிப் போகாமல் இருக்கும் அண்ணன்மார்கள் சிலரை எனக்குத் தெரியும். பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாதிரி ஓலையை மடித்து எடுத்துப் போனாலே பேச்சு தானாக வரும்.

கல்யாண வீட்டுத் தம்பியின் ஆறு போத்தலில் இரண்டை நான் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். சிம்பாங் ரெங்கத்துக் கரிமண்ணில் என் அன்னாசிக்கு இப்போது ஐந்து மாதம். வரிசைகளுக்கு வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று நாடா கட்டிவிட்டேன். நீலமும் சிவப்பும் அந்தப் போத்தலுக்கு. 2022இல் என் பேச்சைக் கேட்டு வாங்கிய இருவரிடமும் போய், நடந்ததைச் சொல்லி, வெட்டும் நாளில் வரச் சொல்லியிருக்கிறேன். இருவரும் வருவதாகச் சொன்னார்கள். இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது. வெட்டும் தேதியை வாட்சாப்பில் போடுகிறேன். தராசு என்னிடம் இருக்கிறது. எடையை எழுதுவதற்கு ஒரு நோட்டும், வெட்டிப் பார்க்க நல்ல கத்தியும் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ரெங்கத்திலிருந்து உங்களில் ஒருவன்